303 ஏன் சுடவில்லை?

அறவே சுடாத துவக்கால் யாருக்கும் பெரிய ஆபத்தில்லை. ஒருமுறை சுட்டு மறுமுறை சுடாமல் விடுகிற துவக்குத்தான் பொல்லாதது. அதை நம்பவும் ஏலாது, ஒதுக்கி வைக்கவும் மனம் வராது. ஒன்ராறியோவின் சட்பரியிலிருந்து அண்ணை ஒருவர் தொலைபேசியில் சொன்ன கதை அப்படித்தான் தொடங்கியது.

"தம்பி, இந்தமுறை மான் நேர முன்னாலை வந்து நிண்டது. இழுத்தன். டிக் எண்ட சத்தம் மட்டும்தான். ஒரு நிமிசம் பொறுத்துப்போட்டு, பின்னுக்கு இருக்கிற குமிழைக் கையாலை இழுத்துத் திரும்ப அடிச்சன். அதே ரவை வெடிச்சிட்டுது. மான் எங்கையோ போட்டுது."

"ஒரு நிமிசம் பொறுத்தனீங்களே அண்ணை?"

"முழுசாப் பொறுத்தனான். குழல் நிலத்தைப் பாத்தபடி."

எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. வெடிக்காத ரவை சில நொடிகள் கழித்து வெடிக்கக்கூடும். அதனால் துவக்கைப் பாதுகாப்பான பக்கம் பிடித்தபடி 60 நொடி காத்திருக்க வேண்டும் என்று கனடாவின் துவக்குப் பாதுகாப்பு வகுப்பில் சொல்லித் தருவார்கள். மான் முன்னால் நிற்கும்போது அந்த ஒரு நிமிடத்தைக் காப்பவர்கள் குறைவு.

அடுத்து நான் கேட்டது வெற்றுக் கோதுகளைப் பற்றி. சுட்டு முடிந்த கோதுகளை வைத்திருக்கிறாரா?

"எல்லாம் ஒரு பேணிக்கை கிடக்கு. மருந்து நிரப்பித் திரும்பப் பாவிக்கிறனான்."

"துவக்கோடை அந்தப் பேணியையும் கொண்டு வாங்கோ அண்ணை. ஒண்டையும் கழுவ வேண்டாம்."

அண்ணை நிக்கல் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கூட வேலை செய்த வெள்ளைக்காரரோடு காட்டுக்குப் போய் வேட்டை பழகியவர். இந்தத் துவக்கையும் அவர்களில் ஒருவரிடம்தான் வாங்கினார். 400 கிலோமீற்றர் வண்டி ஓட்டி ஸ்காபரோ வந்து, எங்கள் வீட்டுக் கராஜில் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே இருந்தது லீ-என்ஃபீல்ட் நம்பர் 4, மார்க் 1 ஸ்டார். ஒன்ராறியோவிலேயே, லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில் செய்தது. ரொறன்ரோவுக்கு மேற்கே, இன்றைய மிசிசாகாவின் லேக்ஷோர் சாலையில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரசு தொடங்கிய ஆலை அது. 1941 முதல் அங்கே நம்பர் 4 துவக்குகள் வெளிவந்தன. வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அந்த வளாகத்தில் இருந்த பரிசோதனைக் கட்டடம் இன்று கலை மண்டபமாக இருக்கிறது. போய்ப் பாருங்கள், பார்க்க வேண்டிய இடம். இந்தத் துவக்கின் மூல வடிவத்தைத் தந்த ஜேம்ஸ் பாரிஸ் லீயும் ஸ்கொட்லாந்தில் பிறந்து, சிறு பிள்ளையாகவே ஒன்ராறியோவின் கால்ட் ஊருக்கு வந்து வளர்ந்தவர்தான். வடக்கே கனேடிய ரேஞ்சர்கள் 1947 முதல் எழுபது ஆண்டுகளுக்கு மேல் இதே வகைத் துவக்கைத்தான் சுமந்தார்கள். பனிக்கு இது பழக்கப்பட்ட சாமான். எனவே, "குளிருக்குள் இந்த வகை வேலை செய்யாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குளிருக்குள் ஒன்று சுடாவிட்டால், அந்த ஒரு துவக்கில் ஏதோ பிழை இருக்கிறது என்றுதான் பொருள்.

303 என்றால் எங்கள் ஆட்களுக்கு ஊரில் பொலிஸ்காரரின் தோளில் தொங்கியதுதான் ஞாபகம் வரும். அதற்குப் பிறகு வந்த நினைவுகள் அதைவிடக் கனமானவை. நான் துவக்கைத் தொட்டுப் பழக வெட்கமில்லாத ஒரு காரணம் வேண்டியிருந்தது. அது எனக்கு இயந்திர வேலையிலிருந்து கிடைத்தது. நான் மெஷின் ஷொப்பில் வேலை செய்பவன். ஆயிரத்தில் ஒரு அங்குலம் என்பது என் அன்றாடக் கணக்கு. துவக்கு வைத்திருப்பதற்கான அனுமதி அட்டை இருக்கிறது. ஆனால் நான் துவக்குப் பட்டறைக்காரன் அல்ல. எங்கே என் கை நிற்க வேண்டும், எங்கே அனுமதி பெற்ற பட்டறையின் கை தொடங்க வேண்டும் என்பதை இந்தப் பதிவில் வடிவாகச் சொல்கிறேன்.

முதலில் செய்தது எப்போதும் செய்வதைத்தான். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, மகசினைக் கழற்றி, போல்ற்றைத் திறந்து, ரவை அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, மகசின் வழி வெறுமை என்று உறுதி செய்து, குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்ப்பது. உயிருள்ள ரவைகள் எல்லாம் வீட்டுக்குள், வேறு அறையில். கராஜில் மருந்தில்லாத போலி ரவைகள் மட்டும். அண்ணை பார்த்திருக்க நான் செய்தேன், பிறகு அண்ணையிடம் கொடுத்து அவரையும் செய்யச் சொன்னேன். இரண்டு பேர் பார்த்தால்தான் எனக்கு மனம் ஆறும்.

பிறகு துவக்கை ஓரமாக வைத்துவிட்டுப் பேணியைக் கவிழ்த்தோம்.

நான் இந்த வேலையில் மிகவும் உறுதியாக நம்புவது இது: கழற்றுவதற்கு முன் கோதைப் படி. துவக்குக்குள் நடந்த எல்லாம் பித்தளையில் பதிந்திருக்கும். போல்ற் எவ்வளவு பலமாக அடித்தது, ரவை எங்கே உட்கார்ந்தது, எங்கே இழுபட்டது, பிடிவிரல் எப்படிப் பிடித்தது எல்லாம் அதில் இருக்கும். பலர் முதலிலேயே ஸ்பிரிங்கை மாற்றுவார்கள், ரவையைக் குத்தும் பின்னை மாற்றுவார்கள், பிறகு எது பிழை என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பரிசோதித்து, பிறகுதான் அடுத்தது.

அண்ணையின் கோதுகள் இரண்டு விடயம் சொல்லின. ஒன்று, கோதின் அடியில், பின் வந்து குத்தும் பிறைமரில் விழுந்த குழிகள் ஒரே ஆழத்தில் இல்லை. சிலவற்றில் வடிவான வட்டக் குழி, சிலவற்றில் விரல்நகம் பட்டது போல மேலோட்டமான தடம். பின்னின் நீளம்தான் குறை என்றால் எல்லாக் குழியும் ஒரேயளவு ஆழம் குறைந்திருக்கும். குழிகள் மாறி மாறி இருக்கின்றன என்றால் பின் ஒருமுறை வேகமாகவும் ஒருமுறை சோம்பலாகவும் போயிருக்கிறது. இரண்டாவது, சில கோதுகளின் அடிப்பக்கத்தில், விளிம்புக்குக் கொஞ்சம் மேலே, சுற்றிவர ஒரு பளபளப்பான வளையம். ஒரு மெல்லிய கம்பியின் நுனியை வளைத்து, கோதுக்குள் விட்டுச் சுவரோடு தடவிக்கொண்டு வந்தால், அந்த வளையத்துக்கு நேரே உள்ளே ஒரு பள்ளம் தட்டுப்படும். பித்தளை அங்கே இழுபட்டு மெலிந்திருக்கிறது. இன்னும் சில தடவை சுட்டால் கோது அந்த இடத்தில் இரண்டாகப் பிரியும். பிரிந்தால் வாயு பின்னோக்கி வரும், கண்ணுக்கு நேரே.

அந்தக் கோதுகளை அண்ணை தன் கையாலேயே நசுக்கிக் குப்பையில் போட்டார்.

சோம்பல் அடியில் தொடங்கினோம். அண்ணையிடம் கேட்டேன், வீட்டில், இலையுதிர் காலத்தில் சுட்டுப் பார்க்கும்போது இப்படி நடந்ததா? இல்லை. நவம்பரில், விடியக் காலையில், பனிக்குள் நின்றால் மட்டும். இது பெரிய துப்பு. குளிரில் மட்டும் வரும் பிழைக்கு முதல் சந்தேகம் எப்போதும் கிறீஸ். போர் முடிந்து கிடங்கில் அடுக்கியபோது பூசிய தடித்த கிறீஸ் போல்ற்றின் உள்ளே, ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவே, பல பத்தாண்டுகள் கிடந்து மெழுகாகிவிடும். வெளியே பளபளப்பாகத் துடைத்து வைத்திருந்தாலும் உள்ளே அப்படியே இருக்கும். சூட்டில் இளகும், குளிரில் இறுகும்.

சந்தேகம் சரியா என்று பார்க்கப் பழைய ஆயுதப் பட்டறைகளில் ஒரு எளிய வழி உண்டு. துவக்கு வெறுமை என்று மீண்டும் உறுதி செய்து, போல்ற்றைப் பூட்டி, குழலை மேலே நிமிர்த்தி, ஒரு பென்சிலை ரப்பர் பக்கம் கீழே இருக்கும்படி குழலுக்குள் இறக்க வேண்டும். ரப்பர் போல்ற்றின் முகத்தில் உட்காரும். விசையை இழுத்தால் பின் ரப்பரைக் குத்தி பென்சிலை மேலே எறியும். எவ்வளவு உயரம் எறிகிறது என்பதுதான் அளவு. முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சூட்டில் அண்ணையின் துவக்கு பென்சிலைக் குழலை விட்டு வெளியே எறிந்தது. பிறகு போல்ற்றை மட்டும் கழற்றி, பையில் சுற்றி, குளிர்பெட்டியின் உறைபகுதியில் இராமுழுதும் வைத்தோம். அடுத்த நாள் காலையில் எடுத்த கையோடு பூட்டி இழுத்தால், பென்சில் குழல் வாயில் தலையைக் காட்டிவிட்டு உள்ளே விழுந்தது. அண்ணை ஒன்றும் பேசவில்லை. அந்தப் பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

நம்பர் 4 போல்ற்றைக் கழற்றுவது வேறு பல துவக்குகளைப் போலக் கையாலே முடியும் வேலை அல்ல. முன்னால் உள்ள போல்ற் தலை புரியால் பூட்டியது, அதைக் கையால் கழற்றலாம். ஆனால் உள்ளே இருக்கும் பின்னைக் கழற்ற, முன்பக்கத்தால் விடக்கூடிய, நுனியில் இரண்டு பற்கள் உள்ள குழாய் வடிவக் கருவி வேண்டும். முதலில் பின்புறக் குமிழில் உள்ள சிறு பூட்டுத் திருகாணியைக் கழற்ற வேண்டும். அதைக் கழற்றாமல் பின்னை முறுக்கினால் புரி கெட்டுவிடும். குறட்டால் பிடித்துத் திருகிய தழும்புள்ள பின்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கருவி விலை அதிகமில்லை, இல்லாதவர்கள் இந்த வேலையில் கை வைக்கவே வேண்டாம்.

உள்ளே எதிர்பார்த்ததுதான் இருந்தது. மண்ணிறத்தில் கெட்டி மெழுகு. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தூரிகையால் தேய்த்து, துணியால் உலர்த்தி, மெல்லிய எண்ணெயை விரலில் எடுத்து ஒரு பூச்சுப் பூசியதோடு சரி. குளிருக்குள் போகும் துவக்குக்குக் குறைந்த எண்ணெய்தான் நல்லது. மறுபடி பூட்டும்போது ஒன்றைப் பார்க்க வேண்டும். பின்னின் பின்முனை குமிழின் முகத்தோடு சமமாக நிற்க வேண்டும், திருகாணி வந்து உட்காரும் வெட்டு நேராக இருக்க வேண்டும். பிறகு டெப்த் கேஜால் போல்ற் முகத்துக்கு வெளியே பின் எவ்வளவு நீட்டுகிறது என்று அளந்தேன். இந்த வகைக்கு 0.040 முதல் 0.050 அங்குலம் வரை இருக்க வேண்டும். நடுவில் நின்றது. ஆகவே பின்னில் பிழையில்லை, மாற்றத் தேவையில்லை.

மறுபடி உறைபகுதி, மறுபடி பென்சில். இம்முறை குளிரிலும் வெளியே பறந்தது. ஸ்பிரிங்கையும் மாற்றவா என்று அண்ணை கேட்டார். புதிய ஸ்பிரிங்கோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பழையது நன்றாகவே குறுகியிருந்தது. எண்பது ஆண்டு வயதான ஸ்பிரிங், மாற்றினோம். ஆனால் கிறீஸ்தான் குற்றவாளி என்று அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. மாற்றும் வரிசை எனக்கு முக்கியம்.

அடுத்து அந்தப் பளபளப்பு வளையம். இங்கேதான் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

303 ரவையின் அடியில் வெளியே நீட்டும் விளிம்பு உண்டு. ரவை அறைக்குள் அது அந்த விளிம்பில்தான் தங்கி நிற்கிறது. போல்ற்றின் முகத்துக்கும் குழலின் பின்முகத்துக்கும் இடையே அந்த விளிம்பு உட்காரும் இடைவெளியைத்தான் ஹெட்ஸ்பேஸ் என்கிறோம். இடைவெளி கூடினால் ரவை பின்னால் தள்ளப்பட்டுப் பித்தளை இழுபடும். ஆனால் வளையத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. போர்க்காலத் துவக்குகளில், சேறும் அழுக்கும் ஒட்டிய ரவைகூட உள்ளே போக வேண்டும் என்று, அறையைக் கொஞ்சம் தாராளமாகக் குடைந்தார்கள். கோதின் தோள் முன்னால் ஊதிக்கொள்ள இடம் இருக்கும். அதைத் திரும்ப நிரப்புகிறவர் ஒவ்வொரு முறையும் முழுக் கோதையும் பழைய அளவுக்கு அழுத்தினால், அடுத்த சூட்டில் மறுபடி இழுபடும், அழுத்தினால் மறுபடி இழுபடும். அண்ணை அப்படித்தான் செய்து வந்தார். கழுத்தை மட்டும் அழுத்தினால் கோதுக்கு ஆயுள் நீளும்.

இரண்டில் எது காரணம்? கண்ணால் சொல்ல முடியாது. கேஜ் சொல்லும். அதற்கு முன் ஒரு சின்னப் பார்வை: போல்ற் கைப்பிடியின் பின்புறம் பதித்த எண்ணையும் துவக்கின் உடலில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டோம். இரண்டும் வேறு.

இது லீ-என்ஃபீல்டில் லேசான விடயமல்ல. இந்தப் போல்ற் பின்புறமாகப் பூட்டுவது. இரண்டு பூட்டுக் காதுகளும் உடலோடு சமமாக முட்ட வேண்டும். ஆலையில் ஒவ்வொரு போல்ற்றையும் ஒவ்வொரு உடலுக்குப் பொருத்தி, அதனால்தான் எண் பதித்தார்கள். போருக்குப் பிறகு கிடங்குகளில் போல்ற்றுகளைத் தனியே கழற்றிப் பெட்டியில் கொட்டி, மறுபடி கைக்கு வந்ததைப் பூட்டி விற்ற துவக்குகள் எத்தனையோ. எண் பொருந்தாத போல்ற் ஓடும், பூட்டும், சுடும். ஒரு காது மட்டும் பாரம் தாங்கிக்கொண்டிருக்கும், வெளியே தெரியாது.

இங்கே என் கை நின்றது. என்னிடம் கேஜ் இல்லாமலில்லை. ஆனால் காதுகள் எப்படி முட்டுகின்றன என்று பார்த்து, உடல் உறுதியாக இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வது அனுமதி பெற்ற பட்டறைக்காரரின் வேலை. கொண்டு போனோம். அவர் காதுகளில் நீலம் பூசி, எங்கே முட்டுகின்றன என்று பார்த்தார். நல்ல காலம், இரண்டு காதுகளும் முட்டின. ஹெட்ஸ்பேஸில் 0.064 அங்குலக் கேஜில் போல்ற் பூட்டியது. பூட்ட வேண்டும். 0.067 கேஜிலும் பூட்டியது. பூட்டக் கூடாது. 0.070இல் நின்றது. இராணுவம் 0.074 வரை ஏற்றுக்கொண்டிருந்தது, ஆனால் இன்று கடையில் வாங்கும் வேட்டை ரவைக்கும் திரும்ப நிரப்பும் கோதுக்கும் அந்தத் தாராளம் ஆகாது. எனவே காரணம் இரண்டுமே. இடைவெளி கொஞ்சம் கூட, அதன்மேல் அண்ணையின் அழுத்தும் பழக்கம்.

நம்பர் 4இல் இதைச் சரிசெய்யும் வழியை வடிவமைத்தவர்களே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். போல்ற் தலைகள் 0, 1, 2, 3 என்று நான்கு அளவில் வரும். நீளமான தலையைப் பூட்டினால் இடைவெளி குறையும். எண்ணை மட்டும் நம்பி இணையத்தில் வாங்காதீர்கள். செய்த ஆலைக்கு ஆலை அளவு மாறி, ஒரு எண்ணின் நீளம் அடுத்த எண்ணைத் தொட்டுவிடுவதுண்டு. பட்டறைக்காரர் தன் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பூட்டி, கேஜ் வைத்து, பொருந்தியதைத் தேர்ந்தார். கையால் முறுக்கும்போது தலை போல்ற்றுக்கு நேராக நிற்கும் இடத்தைத் தாண்டிச் சுழன்று போகவில்லை என்றும் பார்த்தார். இப்போது 0.064இல் பூட்டுகிறது, 0.067இல் நிற்கிறது.

இவ்வளவும் அண்ணை முறையிட்ட விடயங்கள். அவர் முறையிடாத ஒன்றுதான் என்னைப் பயப்படுத்தியது.

முதல் நாளே, பென்சில் பார்ப்பதற்காக விசையை இழுத்தபோது, ஏதோ சரியில்லை என்று பட்டது. லீ-என்ஃபீல்டின் விசை இரண்டு படியில் இழுபட வேண்டும். முதலில் ஒரு நீண்ட, மெதுவான இழுப்பு, 3 முதல் 4 இறாத்தல் வரை. பிறகு ஒரு தட்டுப்பாடு. அதைத் தாண்ட 5 முதல் 6½ இறாத்தல் வரை. விசையின் மேல்பகுதியில் இரண்டு புடைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக, குமிழைப் பிடித்து வைத்திருக்கும் சியரை அழுத்துவதால் வரும் இரண்டு படி. அண்ணையின் துவக்கில் முதல் படியே இல்லை. தொட்ட கையோடு குமிழ் விழுந்தது.

"அது முந்தி இவ்வளவு லேசில்லை தம்பி. வர வர நல்லா வந்திட்டுது," என்றார் அண்ணை, சந்தோசமாக.

"முன்திருகாணியை இறுக்குறனீங்களோ அண்ணை?"

"ஒவ்வொரு வருசமும். கொஞ்சம் கொஞ்சமாத் தளரும், இறுக்கிப் போடுவன்."

துவக்கை வெறுமையாக்கி, போல்ற்றை இழுத்துச் சுடத் தயாரான நிலையில் வைத்து, விசையைத் தொடாமல், அடிக்கட்டையை ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். குமிழ் விழுந்தது. ரவை உள்ளே இருந்திருந்தால் வெடித்திருக்கும். காட்டில் கால் தடுக்கினாலும், மரத்தோடு சாய்த்து வைத்தது சறுக்கினாலும் இதுதான் நடந்திருக்கும்.

காரணம் மரம். இந்த மார்க் 1 ஸ்டாரில் விசை துவக்கின் உடலில் தொங்கவில்லை. கீழே உள்ள விசைக்காப்பில்தான் கோத்திருக்கிறது. காப்புக்கும் உடலுக்கும் நடுவே மரக்கட்டை, மூன்றையும் சேர்த்து இறுக்குவது முன்திருகாணி. கனடாவின் குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடேற்றி ஓடிக்கொண்டிருக்கும், காற்று வறண்டு மரம் சுருங்கும். மரம் சுருங்கத் திருகாணி தளரும். தளர்ந்ததை இறுக்கினால் காப்பு மேலே ஏறும், அதோடு விசையும் ஏறும், விசையின் புடைப்பு சியரை முன்கூட்டியே அழுத்தத் தொடங்கும். முதல் படி காணாமல் போவது அப்படித்தான். சியர் பிடித்திருக்கும் விளிம்பு மயிரிழையாகிவிடும். இதைத் தடுக்கவே முன்திருகாணியைச் சுற்றி ஒரு சிறு இரும்புக் குழாய்த்துண்டு இருக்க வேண்டும். மரம் எவ்வளவு சுருங்கினாலும் காப்பு அதில் முட்டி நிற்கும். அண்ணையின் துவக்கில் அது இல்லை. கட்டையை வெட்டி இராணுவத் துவக்கை வேட்டைத் துவக்காக்கியபோது யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். 1949இல் வந்த மார்க் 2இல் விசையை உடலிலேயே தொங்கவிட்டது இந்தப் பிரச்சினையை அறிந்துதான்.

வேட்டைக்காரர் யாராவது இதை வாசித்தால், ஒன்றைத் தயவுசெய்து கேளுங்கள். உங்கள் பழைய துவக்கின் விசை தானாக லேசாகி வந்தால் அது பழகி மெருகேறியதல்ல. உடனடியாகப் பூட்டி வைத்துவிட்டு ஆளைத் தேடுங்கள். சியரின் விளிம்பை அரத்தால் தேய்த்து விசையை லேசாக்கிக் காட்டும் படங்கள் இணையத்தில் கிடக்கின்றன. அதைச் செய்யாதீர்கள். அந்த விளிம்பின் கடினப் பூச்சு மெல்லியது, ஒருமுறை போனால் போனதுதான்.

குழாய்த்துண்டை நான் வேலையிடத்தில் கடைந்து, கொஞ்சம் நீளமாக வைத்து, பொருத்திப் பொருத்தி முகத்தைக் குறைத்தேன். திருகாணி முழுதாக இறுகும்போது மரமும் பிடிக்க வேண்டும், குழாய்த்துண்டும் முட்ட வேண்டும். மரத்தையும் கவனித்தாக வேண்டியிருந்தது. சுடும்போது உடல் பின்னால் உதைக்க, அந்த உதையைத் தாங்கும் இரண்டு மரத் தோள்கள் கட்டையின் பின்பகுதியில் உண்டு. அவை நசுங்கித் தேய்ந்திருந்தன. அண்ணை ஒவ்வொரு பருவமும் "குறி நகருது, நகருது" என்று தொலைநோக்கியைத் திருகிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான், தொலைநோக்கியில் ஒரு பிழையும் இல்லை. தேய்ந்த இடத்தை நேராக வெட்டி, மேப்பிள் மரத்துண்டுகளை எபொக்ஸியால் ஒட்டி, உடல் இரு பக்கமும் ஒரே நேரத்தில் முட்டும்வரை புகைக்கரி பூசிப் பார்த்துச் சீவினேன். ஆறுதலான வேலை. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். முன்கட்டை ஏற்கெனவே வெட்டுண்டு போனதால் இராணுவம் விரும்பிய மாதிரிக் குழல் நுனியை மரம் தாங்க வழியில்லை. எனவே குழலின் அடித்தடிப்புப் பகுதியை மட்டும் நன்றாகப் படியவிட்டு, மீதியை மரம் தொடாமல் விட்டேன்.

முதல் படி திரும்பி வந்தது. தட்டிப் பார்த்தேன், விழவில்லை. விசைப் பூட்டைப் போட்டு விசையை இழுத்து, விட்டு, பூட்டை எடுத்தாலும் விழவில்லை. அப்படியும் பட்டறைக்காரரிடம் கொடுத்து எடை பார்த்து, சியரின் பிடியைப் பார்த்து உறுதி செய்தபிறகுதான் சுடும் இடத்துக்குக் கொண்டு போனோம். இந்த ஒன்றில் என் சொல் மட்டும் போதாது.

சுடும் இடத்தில் கடையில் வாங்கிய புதிய ரவைகளை மட்டும் பாவித்தோம். பழுதுபார்த்த துவக்கை முதன்முதல் பார்க்கும்போது வீட்டில் நிரப்பிய ரவை கூடாது. பிழை வந்தால் துவக்கா ரவையா என்று தெரியாமல் போகும். கடுங்குளிர் நாளாகப் பார்த்துத்தான் போனோம். அண்ணை சுட்டார், நான் கோதுகளைப் பொறுக்கினேன். ஒவ்வொன்றின் பிறைமரிலும் ஒரே ஆழத்தில் வட்டமான குழி. அடியில் வளையம் இல்லை. நூறு யார் தூரத்துக் கடதாசியில் ஓட்டைகள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக விழுந்தன, குழல் சூடேறிய பிறகும் கூட்டம் நகரவில்லை.

தீராத ஒன்று இருக்கிறது. போல்ற்றை வேகமாகப் பின்னுக்கு இழுத்தால் எப்போதாவது போல்ற் தலை தன் தடத்தை விட்டுத் துள்ளும். மார்க் 1 ஸ்டார் செய்தபோது, உற்பத்தியை எளிதாக்க, போல்ற் தலையை விடுவிக்கும் சிறு பொறியை எடுத்துவிட்டு, தலை ஓடும் தடத்திலேயே ஒரு வெட்டு வைத்தார்கள். அந்த வெட்டின் விளிம்பு காலப்போக்கில் சிதறும். லோங் பிராஞ்ச் துவக்குகளிலும், அமெரிக்காவில் செய்த மார்க் 1 ஸ்டாரிலும் இது எல்லோருக்கும் தெரிந்த பலவீனம். அண்ணையின் துவக்கில் சிதறல் சிறியது. பட்டறைக்காரர் கூர்முனைகளைக் கல்லால் மழுக்கியிருக்கிறார். வெல்டிங் செய்து நிரப்பலாம், ஆனால் அவ்வளவு சூட்டை அந்த உடலுக்குக் கொடுக்கத் தெரிந்தவர்கள் சிலரே. இப்போதைக்கு வேண்டாம் என்று அவர் சொன்னார். நானும் அதையே சொல்கிறேன். போல்ற்றை நேராக, மேலே தூக்காமல் இழுக்கப் பழகச் சொல்லியிருக்கிறோம். ஒவ்வொரு பருவத்துக்கு முன்னும் அந்த விளிம்பைப் படம் எடுத்து அனுப்புவதாக அண்ணை சொல்லியிருக்கிறார். சிதறல் வளர்ந்தால் இந்த உடல் ஓய்வுக்குப் போக வேண்டியதுதான்.

அதுவரை துவக்கு சட்பரியில், போல்ற்றைக் கழற்றி வேறாக வைத்து, அலுமாரிக்குள் பூட்டியபடி. முன்திருகாணியின் தலையிலும் காப்பிலும் சேர்த்து ஒரு சிறு வெள்ளைக் கோடு போட்டு விட்டிருக்கிறேன். கோடு விலகினால் இறுக்காமல் எனக்குத் தொலைபேசி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.